ஒப்பிட ஒன்றரை மணி நேரம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி நூல் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது, ஒரு வாரம் முழுக்க என் காது ஆறவே இல்லை. அந்த வாரத்தில் என் சிநேகிதிக்கு வேலை போக இருந்தது. அவள் வேலை போகப் போகிறது என்று சொன்ன தாள்கள் எல்லாம் என் கையால் பிரிண்ட் எடுத்தவை.

கீழே நூல் கடையும் குடோனும். அதைப் பார்த்துக்கொண்டவர் பெரிய அண்ணாச்சி. அவர் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து, மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் போட்டிருந்தார். அவரைச் சின்ன அண்ணாச்சி என்போம். சுற்றுவட்டார மில்களுக்குச் சம்பளக் கணக்கு, பஞ்சு இருப்புக் கணக்கு போடும் புரோகிராம்களை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. மெஷின் ஒன்றே ஒன்று. அதிலிருந்து வயர் இழுத்து நான்கு திரைகள். மாடியில் மூன்று, கீழே கடைக் கணக்கப்பிள்ளையின் மேசையில் ஒன்று. அந்த மெஷின் முதலில் வந்ததே கடைக்குப் பில் போடத்தான். அதனால் அதன் தலைமைச் சாவியான பாஸ்வேர்டு, சின்ன அண்ணாச்சிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. இன்றைக்கு ஒன்றைத் திருத்துவோம், நாளைக்கு அது உதைக்கும், நேற்றைய பிரதி எங்கே என்று தேடினால் அதன்மேலேயே புதியதை எழுதித் தொலைத்திருப்போம். இதற்காகச் சின்ன அண்ணாச்சி ஒரு கருவி செய்தார். கருப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், மாறியது என்ன என்று பார்த்து, பழைய பிரதியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடும். எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு அவர் வைத்த பெயர் பரண். பெயர் வைப்பதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

பரண் ஒரு கட்டளையை மூன்று படிகளில் செய்யும். கோப்புகளைப் படிக்கும், பழையதோடு ஒப்பிடும், மாறியதை எழுதி வைக்கும். படிப்பதும் எழுதுவதும் சின்ன அண்ணாச்சி எழுதிய பகுதிகள். நடுவில் இருக்கும் ஒப்பிடுதல்தான் கஷ்டமான வேலை. அதை எழுதியவள் என் சிநேகிதி.

அவள் பரளச்சிப் பக்கம். அவள் வீட்டார் ஊரார் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அவள் தலைமுறையில்தான் ஒரு அண்ணன் பஸ் கண்டக்டர், இவள் கம்ப்யூட்டர். நான் திருச்சுழியிலிருந்து வருவேன். இருவரும் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து கடைவரை நடப்போம், ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாய் வைத்துச் சாப்பிடுவோம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் புரோகிராம் எழுதச் சம்பளம் கொடுக்கும் இடம் அது ஒன்றுதான். மதுரைக்குப் போய்த் தங்க அவள் வீட்டில் விடமாட்டார்கள். இந்த வேலை போனால் அவள் படித்ததற்கு அங்கே முற்றுப்புள்ளி.

பரணை வாங்கிக்கொள்ள மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஆர்வம் காட்டியது. ஆனால் வேகமாக இருக்க வேண்டும், எது மெதுவாக ஓடுகிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். சின்ன அண்ணாச்சி உடனே ஒரு வசதியைச் சேர்த்தார். கட்டளையின் கடைசியில் இன்னொரு சொல்லைச் சேர்த்து அடித்தால், ஒவ்வொரு படியும் முடிந்தவுடன் அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று திரையில் வரிசையாகப் பட்டியல் வரும். அந்த வசதியைச் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு மில்லின் மொத்தப் புரோகிராமையும் கொடுத்துக் காலையிலிருந்து மாலைவரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், வருவதைப் பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். பகலில் அவர் மில்களுக்குச் சுற்றப் போய்விடுவார். சாயங்காலம் வந்து தாள்களைப் பார்ப்பார்.

"எந்தப் படி இழுக்குதோ, அதை எழுதுன ஆள் இனிமே இங்க வேண்டாம். மெட்ராஸ்காரங்ககிட்ட நான் பதில் சொல்லணும்" என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். அப்போது அது வெறும் மிரட்டல் என்றுதான் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். படிப்பது சில நொடிகள். எழுதுவது பூஜ்யம். ஒப்பிடுவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

"என்னம்மா இது?"

"அண்ணாச்சி, அது அப்படி ஆகலை. நான் முன்னாலதான் உக்காந்திருந்தேன். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடி முடிஞ்சிருச்சு" என்றேன்.

"ஒன் வாட்ச்சு சரியா ஓடுதா?" என்று சிரித்தார்.

புதன்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே கதை. நாள் முழுக்க ஓட்டியதில் மற்றதெல்லாம் ஒழுங்கு. ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும் ஒப்பிடும் படி ஒன்றரை மணி நேரம் என்று நின்றது. வியாழக்கிழமை காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பாடா என்று சோற்றைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால், இரண்டு மணி வாக்கில் திரும்பவும் ஒன்றரை மணி நேரம். அந்த ஓட்டம் முழுவதும் கடிகார முள் நகர்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தாளை ஒளித்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை, ஏனென்றால் மெஷினில் அதற்கும் பதிவு இருந்தது.

சாயங்காலம் அவர் சிரிக்கவில்லை.

"மூணு நாளும் அதே ஒன்றரை மணி நேரம். அவ எழுதுனதுல எங்கயோ ஒரே எடத்துல சுத்திக்கிட்டு கெடக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி. பத்து நிமிஷம்தான்."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுறவுக. நீ அவளுக்குத்தான் பேசுவ. மெஷினுக்கு சிநேகிதி கெடையாது பாரு. நாளைக்குக் கணக்குத் தீத்துருவோம்."

அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் பெரிது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவளைப் பிடித்து உலுக்காத குறை.

"வாயில என்னடி வச்சிருக்க? கொழுக்கட்டையா?"

"நான் எழுதுனதைப் பத்து தடவை வாசிச்சிட்டேன்" என்றாள். "எங்கயும் சுத்தலை. ஆனா தாள்ல வருதே புள்ள. எனக்குத் தெரியாம எங்கயோ சுத்துதோ என்னமோ."

அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. வேலை போவதுகூட ஒரு பக்கம். தனக்கு வேலை தெரியாது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மூன்று தாள்களையும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லோர் கண்ணும் ஒன்றரை மணி நேரத்தின் மேலேயே இருந்தது. நானும் அதையேதான் பார்த்திருந்தேன். அதற்குக் கீழே இருந்த பூஜ்யம் அப்போதுதான் உறைத்தது. மற்ற ஓட்டங்களில் எழுதும் படிக்குச் சில நிமிஷங்கள் ஆகின்றன. இந்த மூன்று ஓட்டங்களில் மட்டும் பூஜ்யம். அத்தனை கோப்புகளைப் பூஜ்ய நேரத்தில் எழுத எந்த மெஷினாலும் ஆகாது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பரண் என்பதே பழையதை இறக்கத்தானே. பரணின் புரோகிராமையே நாங்கள் பரணில்தான் வைத்திருந்தோம். நேரம் காட்டும் பகுதியின் முந்தைய பிரதியை இறக்கி, இப்போதைய பிரதியோடு வைத்துப் பார்த்தேன். புதிதாக ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது. நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று போடு. சேர்த்தவர் சின்ன அண்ணாச்சி.

பூஜ்யத்துக்குக் கீழே போனதைக் கண்ணால் பார்க்காத ஒருவர் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார். அவர் வந்ததும் வராததுமாகப் போய்க் கேட்டேன்.

"ஆமா, போன மாசம் ஒரு தடவை மைனஸ்ல வந்துச்சு" என்றார் சாதாரணமாக. "நேரம் எங்கயாவது மைனஸ்ல போகுமா? மெட்ராஸ்காரங்க பாத்தா சிரிக்க மாட்டாங்களா? அதான் ஜீரோ ஆக்கிட்டேன்."

"ஏன் வந்துச்சுன்னு பாக்கலையா அண்ணாச்சி?"

"அந்தப் பொண்ணுக்காக நீ எதையாச்சும் கெளப்பிக்கிட்டே இருக்காத." கதவு வழியாகக் கீழே குரல் கொடுத்தார். "கணக்கப்பிள்ளை, நேத்து சொன்ன லெட்டரை அடிச்சு வைங்க. மத்தியானத்துக்குள்ள கையில குடுத்துருவோம்."

என் சிநேகிதி அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தாள். அது அவள் காதில் விழுந்தது. நேராகப் போய்த் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, சீப்பு, கைக்குட்டை, புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள். அந்த வரி இல்லாத பழைய பிரதியை வைத்துப் பரணை ஓட்டினேன். ஓடி முடிந்தது. ஒழுங்காக இருந்தது. மறுபடியும் ஓட்டினேன். ஒழுங்கு. ஒன்றுமில்லாத நாளில் வந்து மானத்தை வாங்கிய கோளாறு, வேண்டும் என்று கூப்பிடும் நாளில் வரமாட்டேன் என்றது. மத்தியானம் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. மெஷினைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன்.

பத்தரை தாண்டியிருக்கும். அடுத்த ஓட்டம் பாதியில் இருந்தது. ஒப்பிடும் படி முடிந்து, அதன் நேரம் திரையில் விழுந்தது. ஒன்றரை மணி நேரம். அந்த ஓட்டத்தைத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

என் திரையில் கட்டளை ஓடிக்கொண்டிருந்ததால் வேறு எதையும் அடிக்க முடியாது. "ஏண்டி, ஒன் திரையில மெஷின் மணி என்னன்னு பாரு. சீக்கிரம்" என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு அடித்தாள். "பன்னெண்டு தாண்டியிருக்கு" என்றாள்.

"சரியாப் பாரு."

"பன்னெண்டு ஆறு."

என் வாட்ச்சில் பத்து முப்பத்தாறு. சுவர்க் கடிகாரத்திலும் பத்து முப்பத்தாறு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் மாடிப்படியில் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி.

கீழே பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். தாள் முழுதாக வெளியே வந்ததும் கிழித்து எடுத்தார். அது என் சிநேகிதிக்கான கடிதம். அதைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடியும் விசைப்பலகைக்குப் போனார். அவர் அடித்த வரியை நின்று பார்த்தேன். மெஷினின் மணியைப் பத்து முப்பத்தெட்டு என்று மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"மணியைப் பழையபடி வைக்கேன்மா. ராகு காலம்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார், ஏதோ அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்று சொல்வதைப் போல.

"பெரிய அண்ணாச்சி உத்தரவு. ராகு காலத்துல கடை பேரு போட்ட பில்லு வெளிய போகக் கூடாது. லோடும் நிக்கக் கூடாது. டிரைவர் ஒன்றரை மணி நேரம் நிப்பானா? இந்த மெஷினு பில்லுல அதுவா மணி போட்டுருது. அதான் ஒரு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி வச்சு, பில்லை அடிச்சு, திரும்பக் கொறைச்சு வச்சிருவேன். ஒரு அஞ்சு நிமிஷ வேலை."

"இது பில்லு இல்லையே, அண்ணே."

கடிதத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. "நல்லதோ கெட்டதோ, கடை பேரு போட்ட தாள்தான? அந்தப் புள்ளைக்கு இதுலயாவது நல்ல நேரம் இருக்கட்டும்னு வச்சேன்" என்றார்.

செவ்வாய் மூன்று மணிக்கு மேல். புதன் பன்னிரண்டு மணிக்கு மேல். வியாழன் ஒன்றரை மணிக்கு மேல். தினசரிக் காலண்டரில் தினமும் கண்ணில் படும் அந்த நேரங்கள் எனக்கு மூன்று நாளாக ஏன் தோன்றவில்லை என்று என்னையே அறைந்துகொள்ளலாம் என்று இருந்தது. கணக்கப்பிள்ளை மணியைக் கூட்டும்போது பரண் எந்தப் படியில் இருந்ததோ, அந்தப் படியின் தலையில் ஒன்றரை மணி நேரம் விழுந்திருக்கிறது. அவர் குறைக்கும்போது எந்தப் படி ஓடியதோ, அதற்கு நேரம் மைனஸில் போயிருக்கிறது. அதைத்தான் சின்ன அண்ணாச்சி பூஜ்யம் பூசி மூடியிருந்தார்.

மாடிக்கு ஓடினேன். என் திரையில் எழுதும் படியின் நேரம் வந்து நின்றது. முன்னால் மைனஸ் குறி. அன்று மில்களுக்குக் கிளம்பாமல் இருந்த சின்ன அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கணக்கப்பிள்ளையையும் கூப்பிட்டு, கீழே சொன்னதை மேலே சொல்ல வைத்தேன். சின்ன அண்ணாச்சி திரையையும் கணக்கப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் உத்தரவு என்பதால் கத்தவும் முடியவில்லை. படித்தவர் என்பதால் விளங்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

"அப்ப இந்த நேரம் பூராம் தப்பா?" என்றார் கடைசியில்.

அதற்குப் பதில் சொன்னது என் சிநேகிதி. "மணியைப் பாத்து கணக்குப் போட்டாத்தான் தப்பு வரும் அண்ணாச்சி. மெஷினைப் போட்டதுலருந்து அது தனக்குள்ள ஒரு எண்ணிக்கை வச்சிருக்கு. யாரு மணியை மாத்துனாலும் அது மாறாது. அதை வச்சுக் கணக்குப் போட்டா சரியா வரும். நான் மாத்தித் தரட்டுமா?"

அவர் தலையாட்டினார். அவள் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாகக் குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. அவள் மாற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோரும் சுற்றி நிற்க, நான் பரணை ஓட்டினேன். நடுவில் மணியை மாற்றச் சொல்லிக் கணக்கப்பிள்ளையைக் கீழே அனுப்பினோம்.

"ராகு காலம்தான் போயிருச்சே, இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். மாற்றினார், குறைத்தார். பரண் அசரவில்லை.

பட்டியல் திரையில் வந்தது. படிப்பது சில நொடிகள். ஒப்பிடுவது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். எழுதுவதற்குத்தான் மற்ற நேரம் முழுவதும். இரண்டையும் சேர்த்தாலும் அதன் பாதிகூட வராது. பெரிய தப்பு ஒன்று மேலே உட்கார்ந்திருந்தவரை இதை யாரும் கவனிக்கவில்லை. எழுதும் படி சின்ன அண்ணாச்சி எழுதியது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அது டிஸ்க்கு பழசு" என்றார் அவர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "எழுதுறதுக்கு நேரம் ஆகத்தான் செய்யும். அதுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது."

என் சிநேகிதி நாற்காலியை விட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"எனக்கும் இந்த மாதிரி ஒரு காரணம் இருக்கான்னு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணாச்சி" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே போகும் மாடிப்படியைப் பார்த்தார். அவளை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.